மொறிஸ் மைனருக்குள் நிசான் ஏ12: வீட்டு வளவிலேயே எஞ்சின் மாற்றும் வழி

வன்னியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடி அலைந்தால் எம்.ஜி. மிட்ஜெட் அகப்படாது. அகப்படுவது வேப்பமரத்தடியில் சில்லு காற்றுப்போய் நிற்கும் மொறிஸ் மைனர். அதைக் குறைவாக எண்ணத் தேவையில்லை. ஆரம்பகால மிட்ஜெட்டில் இருந்த அதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஏ சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான் மைனரிலும். றாக் அன்ட் பினியன் ஸ்ரியரிங், முன்னால் ரோர்ஷன் பார் (வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பி), 750 கிலோவை ஒட்டிய எடை. இரண்டு கதவு மைனருக்கு நல்ல பிறேக்கும் 1200 சிசி எஞ்சினும் கொடுத்தால் ஏ9 வீதியில் அது தலைகுனிய வேண்டியிருக்காது. மிட்ஜெட்டோ அதன் உடன்பிறப்பான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்றோ கையில் இருப்பவர்களுக்கும் வேலையின் ஒழுங்கு இதுதான், அளவுகளும் பூட்டும் இடங்களும் மாறும்.

எஞ்சினை ஏன் மாற்றவேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். யுத்தத் தடையால் பெற்றோல் வன்னிக்குள் வராத 1990களில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்புக்குள் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். சிலிண்டரும் பெயாரிங்கும் ஒன்றாகத் தேயும். அந்தக் காலத்து மைனர் எஞ்சினைத் திறந்தால் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் சிறு படிக்கட்டுப் போன்ற தேய்மானம் இருக்கும். ஏற்கெனவே 0.060 அங்குலம் வரை சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்திருந்தால் அந்த பிளொக்கில் (எஞ்சின் உடலில்) மேற்கொண்டு வேலை இல்லை. ஆனால் ஸ்ராண்டர்ட் (தொழிற்சாலை அளவு) அல்லது 0.020 அங்குலத்தில்தான் நிற்கிறது, கிராங்க் தண்டும் அரைக்க இடம் தருகிறது என்றால் பழைய எஞ்சினையே செய்விப்பது மலிவு. பத்திர அலைச்சலும் இல்லை. எஞ்சின் மாற்ற ஆசைப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையில் அது தேவைப்படாது.

மாற்றத்தான் வேண்டும் என்றால் நிசான் ஏ12. 1171 சிசி, சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம்) 70 மி.மீ., அலுமினியத் தலை. கிராங்குக்கு ஐந்து மெயின் பெயாரிங், மைனரின் எஞ்சினுக்கு மூன்றுதான். மைனரின் 948 சிசி எஞ்சின் 37 குதிரைவலு, 1098 சிசி 48, ஏ12 65க்கும் 70க்கும் இடையில் நிற்கும். டட்சன் 1200, 120வை ஆகியவற்றில் வந்த எஞ்சின் என்பதால் எந்தப் பழைய மெக்கானிக்கின் கையும் அதற்குப் பழகியிருக்கும். ஏ14, ஏ15 எஞ்சின்களும் அதே குடும்பம்தான். ஆனால் அவற்றின் பிளொக் உயரம் கூட, போனட்டுக்குக் கீழே இடம் கேட்கும். கூடுதல் இழுவைக்கு மைனரின் பின் அச்சுச் சாஃப்ற்கள் அடிக்கடி முறியும். வானெட் வானின் எல்டி20 டீசலையோ ரொயோட்டா 2சி டீசலையோ வைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அந்த இரும்புப் பாரத்துக்கு முன் ரோர்ஷன் பார் இறங்கும், ஸ்ரியரிங் கனக்கும், பிறேக் ஈடு கொடுக்காது.

முதல் வேலை: புத்தகமும் இடமும்

ஸ்பனரை எடுக்க முன்னர் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டின் சசி நம்பர் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். யுத்தத்தில் புத்தகம் தொலைந்த வாகனங்கள் இங்கே ஏராளம். உரிமையாளர் பெயரில் பிரதி எடுக்க முடியாத காருக்குள் காசு போடுவது வீண். எஞ்சினை மாற்றினால் புதிய எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவில் ஏற்றவேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டும், நம்பர் எழுதிய சீட்டாக இருக்கவேண்டும். சீட்டுத் தரமாட்டேன் என்கிற கடையில் எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கார் பற்றைக்குள் கிடந்தால் அந்தக் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியா என்று கிராம சேவையாளரிடம் கேட்டுவிட்டே கால் வையுங்கள். சங்கிலி போட்டு உழவு மெசினால் இழுக்கும்போது சில்லு உருளாது, நிலத்தை உழுதுகொண்டு வரும். துப்புரவு செய்யாத காணியில் அதைவிட ஆபத்தான வேலை இல்லை. இழுத்து வந்தபின் சீற்றுக்கு அடியிலும் டிக்கியிலும் தடியால் தட்டிப் பாருங்கள், பாம்பு குடியிருக்கும்.

தீப்பட்ட கார் என்றால் வேண்டாம். நெருப்பில் வெந்த தகடு மிருதுவாகிவிடும், ரோர்ஷன் பாரும் பின் வில்லும் தம் விறைப்பை இழந்துவிடும். பெயின்ற் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. கண்ணாடி உருகிய தடம், டாஷ்போர்டுக்குப் பின்னால் நீலம் பாய்ந்த தகடு, இவை காட்டிக்கொடுக்கும். கூரையிலும் கதவிலும் செல் துண்டு பட்ட ஓட்டைகளைப் பட்டி போட்டு மூடியிருப்பார்கள். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நடத்திப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

கறள் பிடிக்கும் இடங்கள்

மைனருக்குத் தனிச் சசி கிடையாது. உடலின் அடித்தகடும் அதனோடு பற்றவைத்த பெட்டிக் கால்களும்தான் சசி. அதனால் கதவும் மட்காட்டும் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அடி போயிருந்தால் கார் போய்விட்டது. காரை நான்கு ஸ்ராண்டில் ஏற்றி, மொட்டைத் திருப்புளியால் இந்த இடங்களைக் குத்துங்கள்: முன் பெட்டிக் கால்கள், முன் சீற்றுக்கு அடியில் குறுக்காக ஓடும் பெட்டி, பின் வில்லின் முன்புறத் தாங்கி, கதவுக்குக் கீழ் உள்ள சில் பெட்டி, உள் மட்காட். நடுவில் ஓடும் குறுக்குப் பெட்டியில்தான் ரோர்ஷன் பார் பிடித்து நிற்கிறது. அது உக்கியிருந்தால் ஓடும்போது காரின் முன் மூலை நிலத்தில் உட்காரும்.

தகடு வெட்டி ஒட்டும்போது கதவைப் பூட்டி வைத்தபடியே செய்யுங்கள், ஒருநேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கச் சில் பெட்டிகளையும் ஒன்றாக வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தாது. சாதாரண ஆர்க் வெல்டிங் 1 மி.மீ. தகட்டை ஓட்டையாக்கும். வாயு பாய்ச்சிப் பற்றவைக்கும் மிக் வெல்டரில் 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி வையுங்கள். திறந்த வளவில் காற்று வாயுவை அடித்துக்கொண்டு போவதால் வெல்டிங் நுரைத்து நிற்கும், மூன்று பக்கம் தகரம் மறைத்துக்கொள்ளுங்கள். கிடுகுக் கொட்டிலுக்குக் கீழ் கிரைண்டரும் வெல்டரும் வேண்டவே வேண்டாம்.

காலம் பார்த்துத் தொடங்குவதும் வேலையில் பாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டிய தகடு ஒரே இரவில் செம்மை பிடிக்கும், பெயின்ற் வெளுக்கும். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசினால் கிறவல் ரோட்டுப் புழுதி முழுவதும் ஈரப் பெயின்றில்தான் இருக்கும். தை பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை பெயின்றுக்கு உகந்த காலம். சோளக மாதங்களை எஞ்சின், வயரிங், பிறேக் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அளவு ஸ்பனர்

மைனர் அங்குலக் கார். அதன் போல்ட்கள் யூ.என்.எஃப். இழை, ஏ.எஃப். ஸ்பனர். நிசான் முழுதும் மில்லிமீற்றர். இரண்டு செற் ஸ்பனரும் வேண்டும். போல்ட்களையும் இரண்டு டப்பாவில் பிரித்து வையுங்கள், கலக்கவே கூடாது. 5/16 அங்குல யூ.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். இழை இடைவெளி ஒன்றில் 1.06 மி.மீ., மற்றதில் 1.25 மி.மீ. இரண்டு மூன்று சுற்றுக்கு ஏறும், பிறகு இறுகும். இறுகுகிறது என்று ஸ்பனரில் பைப் போட்டு முறுக்கினால் நிசானின் அலுமினியத் தலையில் இழை பிய்ந்து வரும்.

அங்குலப் போல்ட்டுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. பழைய மாசி பெர்குசன் 35, 135 உழவு மெசின்களுக்கும் அதே இழைதான். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எந்த ட்ராக்டர் உதிரிப்பாகக் கடையிலும் கேளுங்கள். மைனருக்கே உரிய பாகங்களும் நாட்டில் உண்டு. 1990களில் மைனரின் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள்.

எஞ்சினுக்கு முன்னர் முன்சில்லும் பிறேக்கும்

மைனரின் பேர்போன வருத்தம் ட்ரனியன். முன்சில்லைத் தாங்கும் தண்டின் மேலும் கீழும் இழை வெட்டிய மூட்டு இருக்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்த இழை தேய்ந்தால் ஒருநாள் வளைவில் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். சில்லை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு கிறீஸ் நிப்பிள், மொத்தம் நான்கு. சில்லு நிலத்தில் படாமல் தூக்கிவைத்தபடி, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். ஓடத் தொடங்கியதும் 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை. புழுதி வீதியில் ஓடினால் அதற்கும் முன்னரே.

ரோர்ஷன் பாரைக் கழற்றும்போது கீழ்க் கையை ஜாக்கால் தாங்கிக்கொண்டு, சிறிது சிறிதாக இறக்குங்கள். முறுக்கில் நிற்கும் கம்பி அது, சட்டென விட்டால் கையை உடைக்கும். கழற்றியதும் இடது, வலது என்று பெயின்றால் அடையாளம் போடுங்கள். ஒரு பக்கமாக முறுக்கிப் பழகிய பாரை மறுபக்கம் பூட்டினால் முறியும்.

பிறேக்கில் 948 சிசி கார்களின் முன் ட்ரம் 7 அங்குலம், 1098 கார்களுக்கு 8 அங்குலம். ஏ12 வைக்கிறீர்கள் என்றால் 8 அங்குலம் கட்டாயம். தட்டு, ட்ரம், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் செற்றாக மாற்றுங்கள். மாங்குளம் ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டில் மாடு நடுரோட்டில் படுத்திருக்கும். நிற்க முடியாத கார் வேகமாக ஓடுவதில் பயனில்லை. பழைய ஷூவின் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், ஊதாமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் கால் தகட்டுக்குக் கீழே, பெட்டிக் காலுக்குள் இருக்கிறது. கழற்றப்போனால் போல்ட் பாதி வந்து ரோர்ஷன் பாரில் முட்டி நிற்கும். பாரைத் தளர்த்தி ஒதுக்கினால்தான் வெளியே வரும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை எதிர்த்திசையிலிருந்து செருகுங்கள், அடுத்தமுறை நட்டைக் கழற்றி இழுத்தால் போதும். திரவம் டொட் 3 அல்லது டொட் 4 மட்டும். இதற்குள் ஒருதுளி எஞ்சின் ஒயில் போனாலும் றப்பர் கப் எல்லாம் ஊதிப் பிறேக் பிடித்துக்கொள்ளும்.

ஏ12 வாங்கும்போது

கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் ஊருக்குள் உடைத்த காரிலிருந்து எடுத்தாலும் தனி எஞ்சினாக வாங்காதீர்கள். கியர்பொக்ஸ், பெல்ஹவுசிங் (கிளச்சை மூடும் கூடு), பிளைவீல், கிளச், ஸ்ரார்ட்டர், ஓல்ரனேற்றர், அதன் பிடி, காபரேற்றர், எஞ்சின் றப்பர்கள், கியர் லிவர், பின் அச்சைச் சுழற்றும் புரொப்பெல்லர் சாஃப்ற்றின் முன்பாதி, எல்லாம் சேர்த்துப் பேசுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தேடினால் எஞ்சின் விலையைத் தாண்டிவிடும். ஐந்து கியர் பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். நான்கு கியரே என்றால் பின் அச்சைப் பாருங்கள்: 948 காரில் விகிதம் 4.55, 1098 காரில் 4.22. நான்காம் கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடும்போது 4.55இல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3300 சுற்று, 4.22இல் 3100. நீண்ட ஓட்டத்தில் காது அந்த வித்தியாசத்தை உணரும்.

கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, திரொட்டிலை முழுதாகத் திறந்து கொம்பிரஷன் அளவுங்கள். நான்கும் 150 பிஎஸ்ஐக்கு மேல், ஒன்றுக்கொன்று 15க்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் எடுக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால் தலைக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கசற் போயிருக்கிறது. ஒயில் மூடிக்குள் பால்போல வெள்ளைக் களிம்பு இருந்தாலும் அதே சந்தேகம். தேமோஸ்ராற் மூடியைக் கழற்றி அலுமினியத்தைப் பாருங்கள். அரித்துக் குழி விழுந்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான்.

எஞ்சினை இருத்துதல்

இந்த வேலையில் அவசரம் காட்டினால் மிச்ச எல்லாம் பிழைக்கும். ஒரு தொன் செயின் புளொக்கும், இரும்புப் பைப்பில் செய்த முக்காலியும் வாடகைக்கு எடுங்கள். மாமரக் கொப்பில் தொங்கவிடுவது வழக்கமாக இருக்கலாம், ஆனால் எஞ்சினுக்குக் கீழே இருப்பது உங்கள் கை.

1. கார் தன் சில்லில், சமதரையில், பாரம் ஏற்றிய உயரத்தில் நிற்கட்டும். முன் சீற்றில் இரண்டு நெல்மூட்டை வைத்தால் போதும்.

2. ஏ12ஐக் கியர்பொக்ஸோடு பூட்டி, காபரேற்றரும் ஓல்ரனேற்றரும் இல்லாமல் இறக்குங்கள். மைனரின் ஸ்ரியரிங் றாக் எஞ்சினுக்குப் பின்னால், பின்சுவரை ஒட்டிக் குறுக்காக இருக்கிறது. பெல்ஹவுசிங் முதலில் முட்டுவது அதில்தான். இரண்டுக்கும் இடையே குறைந்தது 12 மி.மீ. விடுங்கள். றாக்கை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் மேட்டில் ஏறும்போதெல்லாம் சில்லு தானாகத் திரும்பும்.

3. இனி எக்சோஸ்ற் மனிஃபோல்ட்டையும் காபரேற்றரையும் ஓல்ரனேற்றரையும் பூட்டிப் பாருங்கள். பலர் இதைச் செய்யாமல் தாங்கியைப் பற்றவைத்துவிட்டு, பிறகு சைலென்சர் பைப் ஸ்ரியரிங் தண்டில் முட்டுகிறது என்று வெட்டுவார்கள். எயார் கிளீனருக்கும் போனட்டுக்கும் 25 மி.மீ., விசிறிக்கும் றேடியேற்றருக்கும் 20 மி.மீ. வேண்டும். சம்பின் அடி பெட்டிக் கால்களை விடத் தாழ்ந்து தொங்கக் கூடாது, குளக்கட்டு ரோட்டுக் கல் அதைத்தான் தேடிவரும். வானில் இருந்து கழற்றிய எஞ்சினின் சம்ப் உருவம் மாறியிருந்தால் கார் சம்பையும் அதற்குரிய ஒயில் உறிஞ்சு குழாயையும் தேடிப் பூட்டுங்கள்.

4. சரிவை அளவுங்கள். கைபேசியில் சரிவு காட்டும் செயலி இருந்தாலே போதும். பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்சலின் மூக்கு 3 பாகை மேல்நோக்கினால், எஞ்சினும் கியர்பொக்ஸும் பின்பக்கம் 3 பாகை தாழ்ந்திருக்கவேண்டும். இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று சமாந்தரம், ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் ஆகாது. இல்லையென்றால் 60ஐத் தாண்டியதும் கால் தகடு நடுங்கும். எத்தனை முறை சாஃப்ற்றை மாற்றினாலும் போகாது.

5. இரண்டு பெட்டிக் கால்களிலிருந்தும் கிராங்க் கப்பியின் நடுவுக்கும் கியர்பொக்ஸ் வாலின் நடுவுக்கும் அளந்து நடுவாக்குங்கள்.

6. 6 மி.மீ. இரும்புத் தகட்டில் தாங்கி வெட்டி, நிசானின் சொந்த றப்பரையே வைத்துப் பொட்டுப் பொட்டாகப் பற்றவையுங்கள். எஞ்சினைத் தூக்கி எடுத்தபின் முழு வெல்டிங். பெட்டிக் காலுக்குள் போல்ட் ஊடுருவும் இடத்தில் உள்ளே ஒரு பைப் துண்டு செருகவேண்டும். வெறும் பெட்டியில் நட்டைப் போட்டு இறுக்கினால் தகடு நசுங்கும், நசுங்கிய இடம் தளரும், நாலு மாதத்தில் எஞ்சின் அசையும்.

7. கியர்பொக்ஸின் பின் தாங்கிக்கு நட்டுப் போல்ட்டில் கழற்றக்கூடிய குறுக்குச் சட்டம் செய்யுங்கள். ரோர்ஷன் பார் பிடித்திருக்கும் நடுக் குறுக்குப் பெட்டியில் கிரைண்டரை வைக்கவே கூடாது. கியர் லிவருக்கு இடம் வேண்டுமானால் ஸ்குறூவில் கழன்று வரும் கியர்பொக்ஸ் மூடியை மட்டும் வெட்டி உயர்த்துங்கள்.

புரொப்பெல்லர் சாஃப்ற்றுக்கு முன்பாதி நிசான், பின்பாதி மைனர். நிசானின் வழுக்கு மூட்டைக் கியர்பொக்ஸுக்குள் முழுதாகத் தள்ளி, பின் 20 மி.மீ. வெளியே இழுத்து, அங்கிருந்து டிஃபரன்சல் தட்டு வரை அளவெடுங்கள். லேத் கடையில் இரண்டு முனையின் கவைகளும் ஒரே திசையில் நிற்கும்படி பற்றவைக்கச் சொல்லுங்கள், பலன்ஸ் பண்ணியும் வாங்குங்கள்.

மைனரின் கிளச் தடியால் இயங்குவது. நிசான் பெட்டியில் ஹைட்ரோலிக் சிலேவ் சிலிண்டர் (திரவ அழுத்தத்தில் கிளச்சைத் தள்ளுவது) இருந்தால் பின்சுவரில் 5/8 அங்குல மாஸ்டர் சிலிண்டர் ஒன்று பூட்டவேண்டும். சுவருக்குப் பின்னால் 3 மி.மீ. தகடு வையுங்கள். வைக்காவிட்டால் மிதிக்கும்போது சுவரே வளைந்து கொடுக்கும், கிளச் முழுதாக விடுபடாது, ரிவேர்ஸ் கறகறக்கும். கியர்பொக்ஸ் பழுது என்று நினைத்து அதைத் திறப்பார்கள்.

தண்ணீரும் பெற்றோலும்

வன்னியின் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதுதான் றேடியேற்றர் குழாயிலும் படியும், அலுமினியத் தலையையும் அரிக்கும். கூலன்ற் விடுங்கள். அவசரத்துக்கு மழைநீர் அல்லது பற்றறித் தண்ணீர். மைனரின் பழைய றேடியேற்றர் மூடி 7 பிஎஸ்ஐ அல்லது அதற்கும் குறைவு, நிசானுடையது 13. பழைய றேடியேற்றரில் 13 மூடியைப் போட்டால் ஈயம் பற்றிய மூலைகள் வியர்க்கத் தொடங்கும். மூன்று வரிசைக் கோர் போட்டுச் செய்விப்பது, அல்லது நிசான் றேடியேற்றரையே பூட்டுவது, இரண்டில் ஒன்று. வெக்கை ஊர் என்று தேமோஸ்ராற்றைக் கழற்றி எறியும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடேறாமல் ஒயில் கெடும். சூட்டு நாடுகளுக்கு நிசான் கொடுத்த தேமோஸ்ராற் 76.5 பாகை, சாதாரணம் 82.

பெற்றோல் தாங்கியைக் கழற்றி, உள்ளே சிறு சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கிக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் பற்றவைக்காதீர்கள். காலித் தாங்கியிலும் ஆவி நிற்கும், வெடிக்கும். நிறுத்திக் கிடந்த காரின் காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கார் பத்து நிமிடம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் காரணம் அதுவே. ஏ12இல் எஞ்சினிலேயே மெக்கானிக்கல் பம்ப் உண்டு, அது நன்றாக இருந்தால் மைனரின் மின்சாரப் பம்பை விட்டுவிடலாம். புதிதாக மின்பம்ப் வாங்குவதானால் 2.5 முதல் 4 பிஎஸ்ஐ தருவதை மட்டும் வாங்குங்கள், இன்ஜெக்ஷன் காரின் பம்ப் காபரேற்றரை நிரப்பி வழியவிடும். 92 ஒக்ரேன் பெற்றோல் தாராளமாகப் போதும்.

வயரிங்

மைனரில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடலில் இணைந்திருக்கும். நிசான் ஓல்ரனேற்றருக்கு நெகற்றிவ் உடலில் இருக்கவேண்டும். மாற்றாமல் இணைத்தால் அதன் டயோட் ஒரு நொடியில் போய்விடும். டைனமோவையும் ரெகுலேற்றர் பெட்டியையும் கழற்றி, அந்தப் பெட்டிக்கு வந்த பழுப்பு வயர்களை ஒன்றாக்குங்கள். உள்ளேயே ரெகுலேற்றர் இருக்கும் ஓல்ரனேற்றர் நல்லது. தடித்த முனையிலிருந்து பற்றறிக்கு 10 சதுர மி.மீ. வயரும் 60 அம்பியர் பியூஸும். எஸ் முனை பற்றறிக்கு, எல் முனை சார்ஜ் விளக்குக்கு. அந்த விளக்கின் பல்ப் எரிந்துபோனால் ஓல்ரனேற்றர் வேலை தொடங்காது, பல்ப்பை மாற்றிப் பார்க்காமல் ஓல்ரனேற்றரை மாற்றாதீர்கள்.

லூக்காஸ் வயர் நிறங்கள் கறுத்துப்போயிருந்தாலும் நுனியைச் சீவினால் தெரியும்: பழுப்பு எப்போதும் மின், வெள்ளை சாவி போட்டால் மின், பச்சை அதே மின் பியூஸ் வழியாக, கறுப்பு உடல். மைனரில் பியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைற், ஹோர்ன், மின்விசிறி மூன்றுக்கும் தனித்தனி ரிலேயும் பியூஸும் சேர்த்துவிடுங்கள்.

எஞ்சின் றப்பரில் நிற்பதால் அதற்கும் உடலுக்கும் இடையே தடித்த செப்புப் பட்டை கட்டாயம். இதை மறந்தால் ஸ்ரார்ட்டரின் மின்னோட்டம் வேறு வழி தேடி சோக் கேபிளால் போகும். சாவியைத் திருப்பியதும் கேபிள் சிவந்து புகைகிறது என்றால் கேபிளில் பிழையில்லை, பட்டை இல்லை. கொயிலையும் கவனியுங்கள். பலாஸ்ற் றெசிஸ்ரருக்கென்று (மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) செய்த கொயிலை நேரடியாக 12 வோல்ற்றில் இணைத்தால் கொயில் கொதிக்கும், டிஸ்றிபியூற்றரின் பொயின்ற் எரியும்.

முதல் ஸ்ரார்ட்

20டபிள்யூ-50 ஒயில் மூன்று லீற்றர் விட்டு, டிப்ஸ்ரிக்கைப் பார்த்து மிச்சத்தைக் கூட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.25 மி.மீ., சூடானபின் 0.35. பொயின்ற் இடைவெளி 0.5 மி.மீ. எரியும் ஒழுங்கு 1-3-4-2. பொறி விழும் ரைமிங்கைப் பிஸ்ரனின் மேல் முனைக்கு 7 பாகை முன்னால் வையுங்கள். பிளக்குகள் இல்லாமல், கொயில் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்ரார்ட்டரில் சுற்றுங்கள். ஒருமுறைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். அணையவில்லை என்றால் பம்ப் வரண்டுபோயிருக்கிறது, ஒயில் பில்ற்றரைக் கழற்றி ஒயில் நிரப்பிப் பூட்டுங்கள்.

பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்ரார்ட் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் ஈரச் சாக்கோடும் தீயணைப்பு உருளையோடும் நிற்கட்டும். ஓடத் தொடங்கியதும் பார்க்கவேண்டிய ஒழுங்கு: ஒயில் விளக்கு, பெற்றோல் ஒழுக்கு, தண்ணீர் ஒழுக்கு, சார்ஜ். தேமோஸ்ராற் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை நிறுத்தாதீர்கள். மூடிக்குள் குமிழி ஓயாமல் வந்தால் கசற். ஹெட் கசற் புதிதாகப் போட்டிருந்தால் எஞ்சின் முழுதாக ஆறியபின் தலைப் போல்ட்களை எஞ்சின் கைநூலில் உள்ள ஒழுங்கில் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள்.

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள், பிறேக் பழக. அடுத்தது பரந்தன் முல்லைத்தீவு வீதி போலப் பஸ் நெரிசல் குறைந்த இடத்தில், பகலில், 60க்குள். ஐம்பது கிலோமீற்றரில் நிறுத்தி எஞ்சின் தாங்கிப் போல்ட், சாஃப்ற் போல்ட் நான்கு, சில்லு நட் எல்லாவற்றிலும் ஸ்பனர் வைத்துப் பாருங்கள். 500இல் ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பார்த்து, ட்ரனியனுக்குக் கிறீஸ் அடியுங்கள். புகைப் பரிசோதனைக்குப் போக முன்னர் காபரேற்றரின் ஐட்லிங் கலவையைச் சரிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் நம்பரைப் பதிவில் மாற்றும் விண்ணப்பத்துக்கு, நம்பர் பொறித்த இடத்தைத் துடைத்துப் பென்சிலால் உரசிப் படி எடுத்துவையுங்கள். கேட்கும் நேரத்தில் அந்த இடம் கிறீஸும் புழுதியுமாக இருக்கும்.